ஃபைபர் பாரும் இசப்கோலும்: வயிறு ஒத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்

ஃபைபர் பார், ஃபைபர் பிஸ்கட், ஃபைபர் கம்மி எனப்படும் மெல்லும் மிட்டாய் என்று எதை வாங்குவதற்கு முன்பும் வயிற்றில் என்னதான் தொல்லை என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். மலம் கட்டியாகப் போகிறதா, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் நார்ச்சத்து உதவ நல்ல வாய்ப்பு உண்டு. சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்துவிடுவது என்றால் அது வேறு கணக்கு. நார்ச்சத்து, குறிப்பாக நீரில் ஊறிக் கூழாகிற வகை, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே கனத்துக் கிடக்கும் வயிற்றுக்கு அது இன்னும் கனம்தான். வாயுத் தொல்லை மட்டும் இருப்பவர் அவசரப்பட்டு சிக்கரி நார் போட்ட பாரைத் தின்றால், எதற்காக வாங்கினாரோ அதுவே இரட்டிப்பாகும்.

எனவே "நார்ச்சத்து வயிற்றுக்கு நல்லது" என்பது அரைகுறைப் பேச்சு. எந்த நார், எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீரோடு, எத்தனை நாளில் ஏற்றினோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. இந்த நாலில் ஒன்று பிசகினாலும் "எனக்கு ஃபைபரே ஒத்துக்கொள்ளாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் 'ஹை ஃபைபர்' என்று இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 100 கிராமில் 6 கிராம் நார் இருந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். வெறுமனே 'நார்ச்சத்து உள்ளது' என்பதற்கு 3 கிராம் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிராமுக்கு 6 கிராம் உள்ள பிஸ்கட்டில் ஒன்று 8 கிராம் எடை என்றால், அதில் நார் அரை கிராம்கூட இல்லை. நாலு தின்றால் 2 கிராம். கூடவே மைதா, சர்க்கரை, பாமாயில். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 வழிகாட்டியில் சொல்கிறது, அதுவும் உணவில் இயல்பாகவே இருக்கும் நாரை வைத்து. இதற்கு முன்னால் அந்த 2 கிராம் எங்கே நிற்கும்?

டைஜெஸ்டிவ் பிஸ்கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் அது தொடங்கியபோது செரிமானத்துக்கு உதவும் என்று நம்பப்பட்டது அதிலிருந்த சோடா உப்புக்காக. தவிடு தெரிகிற கோதுமை மாவைக் கண்டு நாம் வேறு எதையோ நினைத்துக்கொள்கிறோம். டீக்கு நல்ல ஜோடி, அவ்வளவே.

அடுத்து, உட்பொருள் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரும். 'மல்டிகிரெயின்' பிஸ்கட்டில் முதல் பெயர் மைதாவாக இருந்தால் மற்ற தானியங்களெல்லாம் பெயருக்குத்தான். ஊட்டச்சத்து அட்டவணையில் நாரின் அளவைப் போடுவது எல்லாப் பொருளுக்கும் கட்டாயமில்லை. ஆனால் நார் இருப்பதாக முன்னால் சொல்லிவிட்டால் பின்னால் எண்ணைப் போட்டாக வேண்டும். எண் இல்லாமல் 'ஃபைபர்' என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்தால் அந்தப் பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

பட்டியலில் தேட வேண்டிய பெயர்கள் இவை.

இனுலின், சிக்கரி வேர் நார், ஒலிகோஃப்ரக்டோஸ், எஃப்ஓஎஸ்: எல்லாம் ஒரே குடும்பம். ஃபைபர் பார்களிலும் கம்மிகளிலும் பெரும்பாலும் இருப்பது இதுதான். லேசாக இனிக்கும், நீரில் கரையும், பாருக்குப் பதமான மென்மை கொடுக்கும். தயாரிப்பாளருக்கு இதைவிட வசதியான நார் கிடையாது. ஃபில்டர் காபித் தூளில் கலக்கும் அதே சிக்கரிச் செடியின் வேர்தான். ஆனால் காபிக்காக வறுக்கும்போது இனுலினில் கணிசமான பகுதி சிதைந்துவிடும். ஒரு டம்ளர் காபிக்குப் போகும் அளவும் சொற்பம். அதனால் காபியை நார் கணக்கில் சேர்க்க வேண்டாம். இனுலின் நீரில் கரைந்தாலும் கூழாவதில்லை. சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. அவை அதைப் புளிக்கவைக்கும்போது வாயு வருகிறது. இந்த நார் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோர்த்த சங்கிலி; அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாகப் புளிக்கும். ஒலிகோஃப்ரக்டோஸ் போட்ட பாருக்கு வயிறு அதிகமாக உப்புவது அதனால்தான். மலம் கழிவதை இது கொஞ்சம் சீராக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்டிருக்கிறது, ஆனால் அதற்கான அளவு நாளொன்றுக்கு 12 கிராம். 5 கிராம் உள்ள ஒரு பாரால் அந்தப் பலன் கிடைக்காது. 12 கிராமைத் தாங்கும் வயிறு எல்லாருக்கும் இல்லை.

சிலியம், இசப்கோல்: ஒரே பொருள். பிளான்டாகோ ஓவாட்டா என்ற செடி விதையின் மேல் உமி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. குஜராத்தின் ஊஞ்சா, சித்பூர் பக்கம் இதன் சந்தையும் ஆலைகளும் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் உப்பிக் கூழாகும். அந்தக் கூழைப் பாக்டீரியாக்களால் அதிகம் புளிக்கவைக்க முடியாது. பிடித்த நீரை விடாமல் கடைசிவரை போகும். அதனால் கட்டி மலம் இளகுகிறது. அதே குணத்தால் தளர்ந்த மலம் சற்றுக் கெட்டிப்படவும் செய்யும். நாள்பட்ட மலச்சிக்கலுக்கு அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்களின் இரு சங்கங்கள் சேர்ந்து 2023-இல் தந்த வழிகாட்டியில், நார்ச் சப்ளிமெண்டுகளில் நம்பத்தகுந்த பலன் தெரிவது சிலியத்துக்கு மட்டும்தான் என்று இருக்கிறது. தவிடு, இனுலின் பற்றிய சான்றுகள் மிகக் குறைவு.

கோதுமைத் தவிடு: நீரில் கரையாத நார். கொரகொரப்பாக இருந்தால்தான் வேலை செய்யும். அந்தக் கொரகொரப்பு குடல் சுவரைத் தூண்டி நீரையும் சளியையும் சுரக்கவைக்கும். மாவாக அரைத்துவிட்டால் அந்தத் தூண்டல் போய்விடும், மலத்தை இறுக்கவும்கூடும். மொழுமொழுவென்று இருக்கும் 'பிரான்' பிஸ்கட்டில் பலன் தெரியாததற்கு இது ஒரு காரணம். இரிட்டபிள் பவல், அதாவது வயிற்றுவலியோடு மலப்போக்கும் மாறிப்போகும் ஐபிஎஸ் தொல்லை உள்ளவர்களுக்குத் தவிடு பெரும்பாலும் ஆகாது. 2009-இல் வெளிவந்த ஒரு டச்சு ஆய்வில் ஐபிஎஸ் நோயாளிகளுக்கு ஒரு தரப்புக்கு 10 கிராம் சிலியம், இன்னொரு தரப்புக்கு 10 கிராம் தவிடு கொடுத்தார்கள். சிலியம் உதவியது, தவிடு சாப்பிட்டவர்களில் தொல்லை கூடிப் பாதியில் நிறுத்தியவர்கள் அதிகம்.

பாலிடெக்ஸ்ட்ரோஸ் (பாக்கெட்டில் போடும் உணவுச் சேர்க்கை எண் ஐஎன்எஸ் 1200): செயற்கையாகச் செய்த நார். வாயு குறைவு, அளவு மிஞ்சினால் பேதி. அது சேர்ந்த பொருளில் மலமிளக்கும் தன்மை இருக்கலாம் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்.

இவற்றோடு, நார் அல்லாத இன்னொரு கூட்டத்தையும், சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பூட்டிகளை, அவற்றின் எண்ணோடு தேடிப் பாருங்கள்: சார்பிட்டால் 420, மால்டிட்டால் 965, ஐசோமால்ட் 953. 'நோ ஷுகர்' என்று போட்ட ஃபைபர் பார்களில் இவை இருக்கும். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், புளிக்கவும் செய்யும். பார் தின்ற அன்றைக்கே "நல்ல பலன்" தெரிந்து இரண்டு மூன்று தடவை போனால், அந்தப் புகழ் நாருக்குச் சேராது, மால்டிட்டாலுக்குத்தான் சேரும். இனுலினும் மால்டிட்டாலும் ஒரே பாரில் இருந்தால் வாயு உபாதையுள்ளவர்கள் கையிலெடுக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இசப்கோல் பொடி என்ற பெயரில் மருந்துக் கடையில் கிடைக்கும் சில கலவைகளில் சென்னா, அதாவது நிலாவாரை சேர்த்திருப்பார்கள். அது குடலை முடுக்கும் பேதி மருந்து. ஓரிரு நாள் அவசரத்துக்கு ஆகும். தினசரி நாராக நினைத்து மாதக்கணக்கில் தின்பதற்கு ஆகாது. வெறும் இசப்கோல் உமி என்றால் உட்பொருளில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். ஆரஞ்சு சுவைப் பொடிகளில் சர்க்கரை சேர்வதால் ஸ்பூன் கணக்கு மாறும்; பாக்கெட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

எப்படித் தொடங்குவது

முதல் வாரம் எதையும் சேர்க்காதீர்கள். வழக்கமான சாப்பாட்டில் நார் எவ்வளவு, மலம் எப்படிப் போகிறது என்று மட்டும் குறித்துவையுங்கள். நம் வழக்கமான சாப்பாட்டை ஒரு தோராயக் கணக்குப் பார்க்கலாம். பச்சையாக அளந்த வெள்ளை அரிசி 200 கிராம் என்றால் நார் 5 முதல் 6 கிராம். சாம்பாருக்கான துவரம்பருப்பு 40 கிராமில் 3 முதல் 4. காய் 150 கிராமில் 4 அல்லது 5. ஆக 15 கிராமை எட்டுவதே பாடு. இட்லி, தோசை, சோறு என்று மூன்று வேளையும் வெள்ளை அரிசியில் ஓடும் வீட்டில் காய் குறைந்தால் அதுவும் இல்லை.

மலத்தின் தன்மையைக் குறிக்க பிரிஸ்டல் அட்டவணை வசதியானது. 1 என்றால் தனித்தனி உருண்டை, 2 கட்டிகள் சேர்ந்த திரள், 3 மேலே வெடிப்புள்ள திரள், 4 வழவழப்பான நீண்ட திரள், 5 மென்மையான துண்டுகள், 6 கூழ், 7 வெறும் தண்ணீர். 3, 4 நல்ல நிலை. 1, 2 வந்தால் நார் வேண்டும், தண்ணீர் வேண்டும். எண்ணோடு முக்கல் இருந்ததா, உப்புசம் எந்த நேரத்தில் வந்தது என்ற இரண்டையும் எழுதினால் போதும். பெரிய நாட்குறிப்பு எல்லாம் வேண்டாம், நாலாவது நாளே அலுத்துவிடும்.

இரண்டாம் வாரத்தில் ஏதாவது ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பாரும் கம்மியும் இசப்கோலும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கூடுதல் நார் 3 கிராமில் தொடங்கட்டும். இசப்கோல் உமி என்றால் தலைவழித்த ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 2 கிராம் வரும்; ஒன்றரை டீஸ்பூன் சரியான தொடக்கம். பொடியாக அரைத்த வகை அதே ஸ்பூனில் கிட்டத்தட்ட இரட்டிப்பு எடை நிற்கும், அதனால் உமியின் கணக்கைப் பொடிக்கு வைக்கக் கூடாது. பார் என்றால் பாதி பார். வாரத்துக்கு ஒருமுறை 3 கிராம் ஏற்றலாம். வயிறு உப்பினால் ஏற்றாமல் அதே அளவில் இன்னொரு வாரம் நிற்க வேண்டும். இசப்கோலில் பெரியவர்களுக்கு 5 முதல் 10 கிராம் வரை பெரும்பாலும் போதும். இனுலினில் 5 கிராமைத் தாண்டும்போதே பலருக்கு வயிறு பேச ஆரம்பித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் சலுகை கிடையாது. இசப்கோலுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய டம்ளர், 240 மி.லி. தண்ணீரில் போட்டுக் கலக்கிய உடனே குடித்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் விட்டால் கெட்டிப்பட்டு ஸ்பூனால் வழித்துத் தின்ன வேண்டியதாகும். அப்படித் தின்னும்போது அதற்குப் பின்னால் இன்னொரு டம்ளர் தண்ணீர் போக வேண்டும். இரவில் சூடான பாலில் கலந்து குடிப்பது பல வீடுகளில் உண்டு. தவறில்லை, ஆனால் பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றில் வரும் உப்புசத்தை இசப்கோல் தலையில் கட்டிவிடுவார்கள். சோதிக்கும் நாட்களில் தண்ணீரிலேயே குடியுங்கள். குடித்த கையோடு படுக்கக் கூடாது, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருங்கள்.

பலனுக்கு எத்தனை நாள்? இசப்கோல் 12 முதல் 72 மணி நேரத்தில் வேலையைக் காட்டத் தொடங்கும். சீரான பழக்கம் படிய மூன்று நாலு வாரமாவது கொடுக்க வேண்டும். காலை உணவுக்குப் பின் குடல் தானாகவே அசையும் நேரம் ஒன்று இருக்கிறது; அந்த நேரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி. இந்தச் சின்ன ஏற்பாட்டை விட்டுவிட்டு பாரை மாற்றிக்கொண்டே இருப்பது காசுக்குக் கேடு.

எங்கே தவறுகிறது

மிக அதிகமாகக் கேட்கும் புகார் வாயு. மாலை 4 மணிக்குத் தின்ற இனுலின் பாரின் வாயு பெரும்பாலும் இரவு 7, 8 மணிக்கு மேல்தான் எழும்பும், ஏனென்றால் அது பெருங்குடலுக்கு வந்து சேரவே மணிக்கணக்கு ஆகும். பழி ராத்திரி சாப்பாட்டின் மேல் விழுகிறது. பருப்பை நிறுத்துவார்கள், வெங்காயத்தை நிறுத்துவார்கள், பாரை மட்டும் தொடர்வார்கள். உப்புசம் வந்த நேரத்தைக் குறிக்கச் சொன்னதன் காரணம் இதுதான். சரிசெய்வது எளிது: அளவைப் பாதியாக்கி ஒரு வாரம், அதற்கும் அடங்காவிட்டால் இனுலினை விட்டு இசப்கோலுக்கு மாறுவது. இனுலினையும் சிலியத்தையும் ஒன்றாகக் கொடுத்தபோது ஐபிஎஸ் உள்ளவர்களின் பெருங்குடலில் வாயு எழும்புவது குறைந்ததை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் எம்ஆர்ஐ வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பாரை விட மனமில்லாதவர் அதோடு இசப்கோலைச் சேர்த்துப் பார்க்கலாம், அளவு சிறிதாக இருக்கும்வரை.

இரண்டாவது, நார் சேர்த்த பிறகு மலச்சிக்கல் இன்னும் இறுகுவது. முதலில் தண்ணீரைப் பாருங்கள். சென்னை, மதுரை வெயிலில் வெளியே வேலை பார்ப்பவர் வியர்வையில் இழக்கும் நீருக்கு ஈடுகட்டாமல் நாரை மட்டும் ஏற்றினால் இதுதான் நடக்கும். தண்ணீர் போதுமான அளவு போயும் இறுக்கம் தளரவில்லை என்றால், பல நாள் மலம் ஏற்கெனவே உள்ளே கெட்டித்துக் கிடக்கலாம். அதை மருத்துவர் சொல்படி முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் நார். இன்னொரு சாத்தியமும் உண்டு: மலம் மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆசனவாய்த் தசை சரியான நேரத்தில் தளர மறுக்கிறது. எவ்வளவு நார் தின்றாலும் இது தீராது, உப்புசம்தான் மிஞ்சும். அதற்குத் தசைப் பயிற்சிச் சிகிச்சை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மருந்துகள் ஆகியவையும் மலத்தைக் கட்டும். அவற்றைத் தொடங்கிய தேதியையும் மலச்சிக்கல் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது அபாயம், தொண்டையில் அடைப்பது. உலர்ந்த இசப்கோலை வாயில் போட்டுக்கொண்டு ஒரு மடக்கு தண்ணீர் குடிப்பது கூடவே கூடாது. உணவுக்குழாயிலேயே உப்பி நின்றுவிடும். வலைத்தளங்களில் திரியும் 'இசப்கோல் லட்டு' குறிப்புகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வேகாத உமியை நெய்யிலும் வெல்லத்திலும் உருட்டி வைப்பது, முதியவர் ஒருவர் தண்ணீரில்லாமல் விழுங்கினால் ஆபத்து. சிலியம் சேர்த்த வேஃபர், பார் எதுவானாலும் ஒரு முழு டம்ளர் தண்ணீர் கட்டாயம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

மாத்திரைகள்: கூழ் நார் மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கலாம் அல்லது தாமதப்படுத்தலாம். பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். தைராக்ஸின், டிகாக்ஸின், லித்தியம், கார்பமசெபின் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இசப்கோல் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும். நல்லதுதான், ஆனால் இன்சுலின் போடுபவர் அளவைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் செய்தால்

கடைப் பாருக்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம், ஓட்ஸ் 100, பொட்டுக்கடலை 50, தோலோடு வறுத்த வேர்க்கடலை 50, கறுப்பு எள் 25, ஆளி விதை 25. மொத்தம் 400 கிராம். நார் ஏறக்குறைய 44 கிராம். 16 துண்டு போட்டால் ஒன்றில் 25 கிராம் எடை, நார் இரண்டரை கிராமுக்கு மேல். சர்க்கரையோ வெல்லப்பாகோ வேண்டாம், பேரீச்சையின் இனிப்பே தாராளம். அந்த இனிப்பும் சர்க்கரைதான் என்பதால் நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஓட்ஸை அடி கனமான வாணலியில் சிறுதீயில் ஐந்தாறு நிமிடம், வாசனை வரும்வரை வறுக்கவும். எள்ளையும் ஆளி விதையையும் தனித்தனியாகப் படபடவென்று வெடிக்கும்வரை. ஆளி விதையை ஆறவிட்டு மிக்ஸியில் விட்டுவிட்டு நாலு சுற்று, கொரகொரப்பாக. முழு விதையாகப் போட்டால் பெரும்பாலும் முழு விதையாகவே வெளியே போகும். பொடித்ததை நாள்கணக்கில் வைத்தால் எண்ணெய் காறிவிடும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொடியுங்கள். வேர்க்கடலையின் சிவப்புத் தோலை ஊதித் தள்ள வேண்டாம். பொட்டுக்கடலையைப் பாதி மாவாக, பாதி உடைசலாக. பேரீச்சையை மிக்ஸியில் விழுதாக்கி, வாணலியில் இரண்டு நிமிடம் சூடுகாட்டி, அதில் எல்லாவற்றையும் கொட்டிக் கையால் பிசையவும். நெய் தடவிய தட்டில் ஒரு செ.மீ. கனத்துக்கு அழுத்தி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வெட்டலாம்.

உதிர்ந்தால் பேரீச்சை காய்ந்தது என்று பொருள். ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் தெளித்து மறுபடி சூடுகாட்டுங்கள். பேரீச்சையை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். பார் பிசுபிசுக்கும், மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். ஓட்ஸை வறுக்காமல் போட்டாலும் ஈரம் ஏறி நமத்துப்போகும். காற்றுப்புகாத டப்பாவில் வெளியே ஒரு வாரம், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும்.

இசப்கோலை உணவில் நுழைக்க வேண்டுமென்றால் சப்பாத்தி மாவு பொருத்தமான இடம். ஒரு கப் கோதுமை மாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உமி, வழக்கத்தைவிட மூன்று நாலு டேபிள்ஸ்பூன் தண்ணீர் அதிகம், பிசைந்து 20 நிமிடம் ஊறட்டும். மாவு ரப்பர் மாதிரி இழுத்தால் உமி கூடிவிட்டது. ஐந்து சப்பாத்தியில் கூடுவது 4, 5 கிராம் நார்தான், ஆனால் நாக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

உண்மையில் நார்ச்சத்து ஸ்நாக்ஸில் சுண்டலை மிஞ்ச ஒன்று கிடையாது. கறுப்புக் கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் நார் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணை சொல்கிறது. உலர்ந்த கடலை 30 கிராம், ஒரு கையளவு, வேகவைத்துத் தாளித்தால் 7 கிராமுக்குக் குறையாது. பெரும்பாலான கடைப் பார்களில் அவ்வளவு இல்லை. பச்சைப்பயறு 100 கிராமில் 17. வாயு பயமென்றால் 12 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பங்கு ஊறிய தண்ணீரோடு போய்விடும். சுண்டல் தொடங்கும் முதல் வாரம் இரண்டு டேபிள்ஸ்பூன் போதும். 150 கிராம் எடையுள்ள ஒரு கொய்யா, விதையோடு, 8 கிராம் நார் தரும். தோலைச் சீவாதீர்கள்.

குழந்தைகளுக்கு ஃபைபர் கம்மி வாங்கித் தருவதை நான் ஆதரிக்க மாட்டேன். மிட்டாய் என்று நினைத்து ஐந்தாறைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2 முதல் 5 வயதுக்கு 15 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 21 கிராம். பாதி கொய்யா, ஒரு கரண்டி சுண்டல், கேழ்வரகு தோசை என்று இதை உணவிலேயே எட்டலாம். இசப்கோல் குழந்தைக்கு மருத்துவர் சொன்னால் மட்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, 45 வயதுக்குமேல் திடீரென்று மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் பரிசோதனை, பிறகுதான் நார். வயிறு வீங்கி, வாந்தியெடுத்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் இசப்கோலைக் கலக்கிக் கொடுப்பது கொலைக்குச் சமம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அண்மையில் வயிற்று அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், குடல் குறுகல் உள்ளவர்கள், தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள் தாமாக எதையும் தொடங்கக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு பேரீச்சையின் பொட்டாசியமும் கணக்கில் வரும்.

நாலு வாரம் கழித்துக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். எண் 3, 4-இல் நின்று முக்கல் போயிருந்தால், பாரையோ கம்மியையோ ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி அந்த இடத்தில் சுண்டலோ கொய்யாவோ வையுங்கள். இரண்டு வாரத்தில் எண் மாறாமல் இருந்தால் கடைப் பொருளை முழுக்க நிறுத்திவிடலாம். மறுபடி 2-க்கு இறங்கினால் இசப்கோலை மட்டும், பலன் தந்த மிகக் குறைந்த அளவில், தினமும் ஒரே நேரத்தில் தொடருங்கள். திறந்த டப்பாவை அடுப்பங்கரை ஈரத்தில் வைத்தால் உமி கட்டிதட்டிப்போகும். ஈரமில்லாத ஸ்பூனைப் போட்டு இறுக மூடி வையுங்கள்.